இருமும்வரை காத்திருக்கச் சொல்வது யார்?

"இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் இருப்பின் வைத்தியசாலைக்கு வாருங்கள்" என்று சுகாதாரப் பகுதியினர் நமக்குப் புத்திமதி கூறுகின்றனர். நல்ல புத்திமதியே. ஆயினும் அதனுள் ஓர் அநீதி மறைந்து கிடக்கிறது. பிராது வந்த பின்னரே விசாரணை என்பது காணி வழக்குக்குப் பொருந்தும். ஒருவன் மூச்சிலிருந்து மற்றொருவன் மூச்சுக்குத் தாவும் சயரோகத்துக்கு அது பொருந்துமா? கொலைகாரன் தானே வந்து வாக்குமூலம் கொடுக்கும்வரை பொலீசார் வாசலிற் காத்திருப்பதுண்டா?

இலங்கையில் ஆண்டொன்றுக்குப் புதிதாகச் சயரோகம் காண்போர் ஏறத்தாழ 14,000 பேர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டு வந்துள்ளது. 2019ஆம் ஆண்டிற் பதிவேட்டில் ஏறியவர்களோ 9,000 பேரையும் எட்டவில்லை. எஞ்சிய ஆயிரக்கணக்கானோர் எங்கே? அவர்கள் வானத்தில் இல்லை. வயலிலும், தோட்ட லயன்களிலும், பஸ் வண்டியிலும், நம் பிள்ளைகள் படிக்கும் வகுப்பறையிலும் இருக்கின்றனர். ஐயோ பாவம், தமக்கு நோய் உண்டென்பதை அவர்களே அறியார்.

எங்ஙனம் அறிவர்? ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் தேசிய அளவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சளியிற் கிருமி உறுதிப்பட்டவர்களுள் ஏறத்தாழ அரைவாசிப் பேர் தமக்கு இருமலோ வேறு குறியோ இல்லையென்று சொன்னவர்களே என்பது புலனாயிற்று. அவர்களைக் காட்டிக்கொடுத்தது மார்பின் எக்ஸ்ரே படம். இருமலை வாசற்படியாக வைத்து, அதைத் தாண்டி வந்தவனுக்கு மட்டுமே படம் பிடிப்போம் என்றால், பாதி நோயை வேண்டுமென்றே வெளியில் விட்டுக் கதவைச் சாத்துகிறோம் என்பதே பொருள்.

செய்ய முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. 1957ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரிலே, ஐந்து வாரங்களுக்குள் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் மார்பைப் படம் பிடித்தனர். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று அழைத்தனர். வந்தவர்களின் சட்டையிற் குத்திக்கொள்ளச் சின்னமும் வழங்கினர். (நம்மவருக்குச் சின்னம் குத்துவதில் உள்ள ஆர்வத்தை நாம் சொல்லவேண்டியதில்லை.) மறைந்து கிடந்த நோயாளர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் வெளிப்பட்டனர். அடுத்துவந்த ஆண்டுகளில் அந்நகரின் சயரோகக் கணக்குச் சடுதியாக வீழ்ந்தது.

"கண்டபடி எல்லோரையும் படம் பிடிக்கும் முறையைக் கைவிடுங்கள் என்று 1974இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவே கூறிவிட்டதே" என்று படித்தவர் சிலர் வாதிப்பர். உண்மை. ஆனால் தீர்ப்பைப் படிப்பவர் அதன் காரணத்தையும் படிக்கவேண்டும். அன்று வாகனம் பெரிது. பிலிம் விலை உயர்ந்தது. ஒவ்வொரு படத்தையும் டாக்டர் ஒருவரே பார்க்கவேண்டியிருந்தது. வசதி மிக்க நாடுகளில் நோயும் குறைந்து வந்தது. இன்று அக்காரணங்களுள் எது நிற்கிறது? பற்றரியில் இயங்கும் கருவியை ஒருவர் முதுகிற் சுமந்து செல்லலாம். பிலிம் தேவையில்லை. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் படங்களை, மனித வாசகருக்குப் பதிலாகக் கணினியே பார்த்துச் சந்தேகத்துக்குரியவற்றைப் பிரித்தெடுக்கலாம் என 2021இல் அதே நிறுவனம் பரிந்துரை செய்தது. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் வைத்தியர்கள் கூட்டங்கூட்டமாகக் கடல் கடந்த நாட்டில், இது கமக்காரனுக்குக் கிடைத்த வரப்பிரசாதமல்லவா? கதிர்வீச்சுக்கு அஞ்சுவோருக்கும் ஒரு வார்த்தை: மார்பு எக்ஸ்ரே ஒன்றினாற் பெறுவது, மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் சில நாட்களுள் நாம் சும்மா இருந்தே பெறும் அளவுதான். பட்டினத்திலே இருமலுக்கெல்லாம் சீ.ரி. ஸ்கான் தேடி ஓடும் உத்தியோகத்தர்கள் அதனினும் பன்மடங்கு பெறுகின்றனர். அதை எவரும் கேட்பதில்லை!

படம் சாட்சியேயன்றித் தீர்ப்பன்று என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆறிப்போன பழைய வடுவும் புதிய நோய்போலத் தோன்றும். புற்றுநோயும் நிமோனியாவும் அதே நிழலை விழுத்தும். ஆகவே படத்திற் சந்தேகம் கண்டால் சளியைப் பரிசோதித்தே முடிவு கூறவேண்டும். சாட்சியை வைத்தே தூக்கில் இடாதீர்கள். அதற்காகச் சாட்சியை அழைக்காமலே வழக்கைத் தள்ளவும் வேண்டாம்.

இன்னொன்றைக் கமக்காரர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். நுரையீரலை மூடியுள்ள புடைச்சவ்விலும் இந்நோய் தங்கும். மூச்சிழுத்தால் விலாவிற் குத்து, காய்ச்சல், பக்கத்தில் நீர் கோர்த்தல். எண்ணெய் பூசி ஒத்தடம் கொடுப்போம். சில வாரங்களில் நீர் தானே வற்றிவிடுவதுமுண்டு. சுகம் வந்ததென்று மண்வெட்டியைத் தூக்குவோம். நோய் போகவில்லை, பதுங்கியது. இப்படி மருந்தின்றித் தப்பியவர்களாகத் தோன்றிய அமெரிக்கப் படையினரைத் தொடர்ந்து கவனித்து 1955இல் வெளியிட்ட ஆய்விலே, 100க்கு 65 பேர் பின்னர் சயரோகத்தில் வீழ்ந்ததாகக் கண்டனர். நின்றநிலையில் எடுத்த எக்ஸ்ரே படத்திலே நீர் தெரிவதற்கு ஏறத்தாழ 200 மில்லிலீற்றர் சேரவேண்டும். படுக்கவைத்து எடுத்தால் அதனிலும் கூடிய நீர் ஒளிந்துகொள்ளும். ஒலியலை ஸ்கான் கருவியோ சில தேக்கரண்டி நீரையும் காட்டும், நீரை எடுக்க ஊசி எங்கே இறங்கவேண்டுமென்பதையும் காட்டும், கதிர்வீச்சும் இல்லை. கருப்பவதிகளுக்கென வைத்திருக்கும் ஸ்கானை விலாவிலும் வைத்துப் பார்க்கப் பழகினால் என்ன குறைந்துவிடும்?

1959ஆம் ஆண்டு சென்னையிலே, சயரோகியை ஆஸ்பத்திரியில் ஓராண்டு கிடத்தி வைக்கத் தேவையில்லை, தன் குடிசையிலிருந்தே மருந்துண்டு அவன் குணமாகலாம் என்பதை ஓர் ஆய்வு உலகுக்கு நிரூபித்தது. அன்றே மருந்து ஏழையின் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டது. நோயைக் கண்டுபிடிக்கும் கருவிதான் இன்னும் பெரிய வைத்தியசாலையின் சுவருக்குள் குந்தியிருக்கிறது. ஆங்காங்கே நடமாடும் முகாம்கள் நடைபெறுவதை நாம் மறுக்கவில்லை. அவை வருகின்றன, புகைப்படம் எடுக்கின்றன, மறைகின்றன. நாட்குறிப்பில் அடங்காத தருமம் உரிமையாகாது.

பொறுப்பு யாருடையது என்று கேட்டால், 1987இன் 13ஆம் திருத்தத்தின்படி சுகாதாரம் மாகாணத்துக்குரியது என்பார் கொழும்பார். திட்டமும் பணமும் மத்திய அமைச்சின் கையில் என்பார் மாகாணத்தார். கிழக்கு மாகாண சபை 2017இலும் வட மாகாண சபை 2018இலும் காலாவதியான பின்னர் பல ஆண்டுகள் கேட்பதற்குத் தெரிவுசெய்யப்பட்ட சபையே இருக்கவில்லை. இந்த இழுபறியிலே கிருமி எவருடைய அதிகாரத்துக்கும் கட்டுப்படாமல் உலவுகிறது.

இது ஏழைகளின் நோயென்று கைகழுவும் படித்த பெருமக்களுக்கும் சொல்கிறோம்: நீரிழிவுள்ளவனுக்குச் சயரோகம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. உங்கள் தெருவில் நீரிழிவு இல்லாத வீடு எத்தனை?

ஆதலால் கமக்காரர் அமைப்புகள் தத்தம் அடுத்த பொதுக்கூட்டத்திலே தீர்மானம் நிறைவேற்றி, மாகாணச் சுகாதாரச் செயலாளருக்கும் மத்திய அமைச்சருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும். ஒவ்வொரு கமநல சேவை நிலையத்திலும், ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் ஆண்டுக்கொருமுறை மார்புப் படம். நோயாளியின் வீட்டார் அனைவருக்கும் நீரிழிவாளருக்கும் முதலிடம். படத்திற் சந்தேகம் கண்ட அன்றே சளிப் பரிசோதனை. வாக்குக் கேட்டு வருவோரிடம் வாக்குறுதி கேட்காதீர்கள். எந்த மாதம், எந்தத் தேதி கருவி வரும் என்று எழுத்திற் கேளுங்கள், கையெழுத்தும் வாங்குங்கள்.