ஹெட்ஃபோனுக்குக் காசு, ஆம்புக்குக் கணக்கு

போன வாரம் பக்கத்து அறை நண்பன் வந்து கேட்டான். "மச்சி, நாப்பதாயிரம் சேத்து வச்சிருக்கேன். இருபதுக்கு ஹெட்ஃபோன், இருபதுக்கு ஆம்ப். சரிதானே?" சரியில்லை என்றேன். முறைத்தான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு மூடநம்பிக்கையை உடைத்துவிடுவோம். "ஓம்ஸ் அதிகமா இருந்தா பெரிய ஆம்ப் வேணும்" என்று எல்லாரும் சொல்வார்கள். பாதி உண்மை.

சென்ஹைசர் எச்டி 650ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 300 ஓம்ஸ். 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் என்பது நிறுவனமே தரும் அளவு. பாட்டில் ஒரு ட்ரம்ஸ் அடி 110 டெசிபலைத் தொடட்டும் என்று வைத்துக்கொண்டால் தேவை சுமார் 2.24 வோல்ட். ப்ளஸ் டூ பிசிக்ஸ்தான்: வோல்டேஜின் வர்க்கத்தை ஓம்ஸால் வகுத்தால் 17 மில்லிவாட். அவ்வளவே!

இப்போது ஹைஃபைமேன் எச்ஈ-6. வெறும் 50 ஓம்ஸ். ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் தரும். அதே 110ஐத் தொட ஏறக்குறைய 450 மில்லிவாட் வேண்டும். ஓம்ஸ் ஆறில் ஒரு பங்கு, தேவைப்படும் சக்தியோ 26 மடங்கு! ஆக, ஓம்ஸை மட்டும் பார்த்து ஆம்ப் வாங்குவது காலணி அளவைப் பார்த்துச் சட்டை வாங்குகிற மாதிரி. ஓம்ஸோடு சென்சிட்டிவிட்டியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஆம்பின் அவுட்புட் இம்பிடென்ஸ். இது ஹெட்ஃபோனின் ஓம்ஸில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் நல்லது என்பது பொதுவான விதி. காரணம், ஹெட்ஃபோனின் இம்பிடென்ஸ் எல்லா ஸ்வரத்திலும் ஒரே அளவாக இருக்காது. ஓர் இயர்ஃபோன் ஓரிடத்தில் 10 ஓம்ஸ், இன்னோரிடத்தில் 60 ஓம்ஸ் என்று வைத்துக்கொள்வோம். 10 ஓம்ஸ் அவுட்புட் உள்ள ஆம்பில் சொருகினால் இரண்டுக்கும் நடுவில் கிட்டத்தட்ட 4.7 டெசிபல் வித்தியாசம் விழும். பாட்டின் நிறமே மாறிவிடும். அதைக் கேட்டு "ஆஹா, இந்த ஆம்புக்குத் தனிக் குணம்" என்று புல்லரிப்பவர்களும் உண்டு :-)

இந்த இரண்டும் சரியாக இருந்து, இரைச்சலும் இல்லையென்றால் ஆம்பின் வேலை முடிந்தது. அதற்கு மேல் கொடுக்கும் காசு அலுமினியப் பெட்டிக்கு என்பது என் கட்சி. பெயரைச் சொல்லாத ஒரு பொறியாளர் 2011ல் ஆப்ஜெக்டிவ்2 என்ற ஆம்பின் வரைபடத்தை எல்லாரும் செய்துகொள்ளட்டும் என்று வெளியிட்டார். இரண்டு 9 வோல்ட் பேட்டரியில்கூட ஓடும். பகட்டே இல்லை. அளந்து பார்த்தால் குறை சொல்ல முடியாது.

நானும் ஏமாற இருந்தவன்தான். நண்பர் ஒருவரின் விலை உயர்ந்த ஆம்பை ஒரு நாள் இரவல் வாங்கி, என் சாதா ஆம்போடு ஒப்பிட்டேன். ராஜா பாட்டின் பேஸ் கிடார் அதில் தனியாகத் தெரிவதாகச் சத்தியமே செய்தேன். இரண்டு வருடச் சேமிப்பை எடுக்கத் தயார். அப்புறம் ஒருவன் மல்டிமீட்டர் கொண்டுவந்து இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவாக்கினான். என் கண்ணைக் கட்டிவிட்டு மாற்றி மாற்றிப் போட்டான். 20 முறையில் 11 முறை சரியாகச் சொன்னேன். பூவா தலையா போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். முதலில் கேட்டபோது அது கொஞ்சம் சத்தமாக இருந்திருக்கிறது. சத்தமாக இருப்பதைக் காது "நல்லது" என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

ட்யூப் ஆம்ப் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்த மென்மையான டிஸ்டார்ஷன் உங்களுக்குப் பிடித்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் அது ரசனை. "தெளிவு" என்று பெயர் வைக்காதீர்கள்.

ஹெட்ஃபோன் விஷயம் வேறு. இரண்டு ஹெட்ஃபோனுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் கண்ணைக் கட்டினாலும் தெரியும். ஓப்பன் பேக் விசாலமாகக் கேட்கும், ஆனால் அறை நண்பனும் சேர்ந்து கேட்பான். மூன்று மணி நேரம் மாட்டினால் காது வலிக்கிறதா, குஷன் தேய்ந்தால் மாற்றுக் குஷன் கிடைக்குமா என்றும் பாருங்கள். 1997ல் வந்த எச்டி 600 இன்றும் விற்கிறதே, சும்மாவா?

கடைசியாக, சக்தி நிறைய இருக்கிறது என்று வால்யூமைத் திருகாதீர்கள். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஹெட்ஃபோனுக்கு வாரண்டி உண்டு, காதுக்குக் கிடையாது.

நண்பன் எச்டி 650தான் வேண்டும் என்கிறான். அதற்கு 2.24 வோல்ட் தரும் சின்ன ஆம்ப் போதும். மிச்சக் காசில் எங்களுக்கு பரோட்டா வாங்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். கணக்குப் போட்டதற்குக் கூலி வேண்டாமா?