கணக்கு முதல், பற்றவைப்பு பின்

பழைய ரேடியோக்களினின்றும் கழற்றிய ஒலிபெருக்கி யூனிட்டுகளை ஒரே மரப்பெட்டியில் பொருத்த மாணவர் விழைவது இயல்பே, அவ்வார்வம் வரவேற்கத்தக்கது. ஆயினும் மின்மறிப்பு வேறுபடும் யூனிட்டுகளை ஆராயாது இணைப்பது முறையன்று.

4 ஓம் யூனிட்டும் 8 ஓம் யூனிட்டும் பக்க இணைப்பில் அமையின், மொத்த மறிப்பு ஏறக்குறைய 2.7 ஓம் ஆகும். இரண்டிற்கும் மின்னழுத்தம் ஒன்றே. ஆகவே 4 ஓம் யூனிட் மற்றதைப்போல் இருமடங்கு திறனை ஏற்கும். 4 ஓமுக்குக் குறையாத சுமைக்கென அமைந்த ஆம்ப்ளிபையரோ மிகை மின்னோட்டத்தால் சூடேறிப் பழுதுறக்கூடும். தொடர் இணைப்பில் மறிப்பு 12 ஓம், மின்னோட்டம் ஒன்றே. இங்கு 8 ஓம் யூனிட்டே இருமடங்கு பெறும். ஆம்ப்ளிபையருக்குத் தீங்கில்லை, எனினும் ஒலி குறையும். மறிப்பு அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவதால் தொனியும் திரியும்.

இவற்றினும், ஒரே வகையான 8 ஓம் யூனிட் நான்கினை இரண்டிரண்டாகத் தொடரிலும், அவ்விரு வரிசைகளையும் பக்கமாகவும் இணைத்தல் நன்று. மொத்தம் 8 ஓமே. திறனும் சமமாகப் பகிரப்படும்.

மல்ட்டிமீட்டர் காட்டுவது சுருளின் நேர்மின்தடையே. 8 ஓம் யூனிட்டில் அது 6 ஓம் அளவாகவும் இருக்கலாம் என்பதை மறத்தலாகாது.

ஆசிரியர் இம்முயற்சியைத் தடுக்க வேண்டா. பற்றவைக்குமுன் தாளில் கணக்கிடச் செய்தல் வேண்டும். ஓம் விதி கரும்பலகையோடு நின்றுவிடாது கைக்கு வருதற்கு இதனினும் எளிய வாய்ப்பு அரிது.