கீறல் விழுந்த கௌரவம்

பழைய போர்ஷே 911 வாங்குபவர்கள் அஞ்ச வேண்டிய சத்தத்தை விட்டுவிட்டு, அஞ்சத் தேவையில்லாத புகையைக் கண்டு அஞ்சுகிறார்கள்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் ஆயில். ஒரு டாக்சி இவ்வளவு குடித்தால் அதன் சொந்தக்காரர் மறுநாளே ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்பார். ஆனால் உலகப் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரான போர்ஷே 911ன் 996 மாடலோடு வந்த கையேட்டில் இதுதான் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு. உச்ச அளவுதான், வழக்கமான அளவல்ல. ஆனால் இந்த வித்தியாசம் பலருக்கு உறைக்கவில்லை. கார் ஆயில் குடிக்கிறது என்று யாராவது புகார் சொன்னால், கையேட்டின் அந்த வரியைக் காட்டி வாயை அடைத்துவிட முடிந்தது. அந்த இடைவெளியில் சிலிண்டருக்குள் கீறல் ஆழமாகிக்கொண்டிருந்தது.

1990களின் தொடக்கத்தில் போர்ஷே கம்பெனி நஷ்டத்தில் தத்தளித்தது. காற்றால் குளிரூட்டப்படும் பழைய என்ஜினைத் தயாரிக்க ஆகும் செலவு அதிகம். புகைக்கும் சத்தத்துக்கும் அரசாங்கங்கள் விதித்த கட்டுப்பாடுகள் வேறு இறுகிக்கொண்டே வந்தன. ஜப்பானிய உற்பத்தி நிபுணர்களை வரவழைத்துத் தொழிற்சாலையைத் தலைகீழாக மாற்றியது கம்பெனி. அதன் விளைவாகப் பிறந்தவை 1996ல் வந்த பாக்ஸ்டரும் 1997ல் வந்த 996ம். இரண்டுக்கும் ஒரே குடும்பத்து என்ஜின்: தண்ணீரால் குளிரூட்டப்படும், ஆறு சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் எம் 96. அதன் வாரிசான எம் 97, 2004ல் வந்த 997 மாடலின் காலத்தில் சேர்ந்துகொண்டது. கார்கள் விற்றன, கம்பெனி பிழைத்தது. பிரச்சினை சிலிண்டர் சுவரில் இருந்தது.

பெரும்பாலான பழைய என்ஜின்களில் சிலிண்டர் சுவர் வார்ப்பிரும்பு. தேய்ந்தால் லேத்தில் கொடுத்து ரீபோர் செய்யலாம், அல்லது புது லைனர் இறக்கலாம். இந்தியாவில் எந்தச் சிறுநகரத்து மெக்கானிக்கும் அறிந்த வைத்தியம் இது. எம் 96ல் இரும்பு லைனர் கிடையாது. சிலிக்கான் துகள்களை உருளையாகக் கட்டி, அச்சில் வைத்து, உருகிய அலுமினியத்தை அழுத்தத்துடன் அதற்குள் பாய்ச்சி உருவாக்கிய சுவர் அது. லோகாசில் என்று பெயர். சுவரின் முகத்தைப் பதப்படுத்தும்போது அலுமினியம் சற்று உள்வாங்கி, கடினமான சிலிக்கான் மணிகள் மட்டும் மேலே நிற்கும். பிஸ்டன் ஓடுவது அந்த மணிகளின் மேல்தான். மணிகளுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் ஆயில் தங்கும். புதிதாகக் கொத்திய அம்மியின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யோசனை புதிதல்ல. 1970ல் அமெரிக்காவில் வந்த செவர்லே வேகா, பிளாக் முழுவதையும் சிலிக்கான் கலந்த அலுமினியத்தில் வார்த்து, ஆயில் குடிக்கும் கார் என்று கெட்ட பெயர் வாங்கியது. அதே வகை உலோகத்தை 1977ல் தன் 928 காரில் வைத்துப் போர்ஷே நல்ல பெயர் வாங்கியது. எனவே தத்துவத்தில் கோளாறு இல்லை. கோளாறெல்லாம் சுவருக்கும் பிஸ்டனுக்கும் உள்ள உறவில். பிஸ்டனும் அலுமினியம். அலுமினியத்தோடு அலுமினியம் உரசினால் ஒன்றையொன்று பற்றிப் பிய்க்கும். இதைத் தடுக்கத்தான் பிஸ்டனின் ஸ்கர்ட், அதாவது ரிங்குகளுக்குக் கீழே உள்ள பக்கவாட்டுப் பகுதி, இரும்பு கலந்த மெல்லிய பூச்சு பெறுகிறது. பூச்சு தேய்ந்ததும் கதை மாறுகிறது. பிஸ்டன் ஒரு சிலிக்கான் மணியைப் பெயர்க்கிறது. பெயர்ந்த மணி உப்புத்தாளின் வேலையைச் செய்து அடுத்த மணியைப் பெயர்க்கிறது. மேலும் கீழுமாக ஒரு கோடு விழுகிறது.

பெரும்பாலும் இது 4, 5, 6ம் எண் சிலிண்டர்கள் உள்ள வரிசையில்தான் தொடங்குகிறது. அதிலும் 6ம் சிலிண்டர் பிரசித்தம். என்ஜின் படுத்த வாக்கில் இருப்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எரிவாயு பிஸ்டனைத் தள்ளும்போது கனெக்டிங் ராடின் சாய்வு அதைச் சுவரில் ஒரு பக்கமாக அழுத்தும். ஒரு வரிசையில் அந்த அழுத்தம் கீழ்ச் சுவரில் விழுந்தால், எதிர் வரிசையில் மேல் சுவரில் விழும். மேல் சுவரில் ஆயில் நிற்காது, வழிந்துவிடும். இது மட்டும்தான் காரணமா என்பதில் நிபுணர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. குளிரூட்டும் தண்ணீர் எல்லா இடத்துக்கும் சீராகப் போகவில்லை என்கிறார்கள் சிலர். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பிப் பக்கத்துத் தெருக்கடை வரை போய்வரும் பழக்கத்தைக் குறை சொல்கிறார்கள் சிலர். அப்போது எரியாத பெட்ரோல் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடுகிறது. பழுதான இன்ஜெக்டர் ஒழுகினாலும் இதே கதிதான். 3.6, 3.8 லிட்டர் என்ஜின்களில் தொல்லை அதிகம் என்பதிலும், பாக்ஸ்டரின் ஆரம்ப கால 2.5 லிட்டரில் அரிது என்பதிலும் மட்டும் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை.

நோய் இதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் பணம் வீணாகிறது.

முதலில் புகை. இரவெல்லாம் நின்ற 911ஐக் காலையில் கிளப்பினால் சில சமயம் குப்பென்று நீலப் புகை வந்து, சில விநாடிகளில் மறையும். படுத்த சிலிண்டரில் தேங்கிய துளி ஆயில் எரிகிறது, அவ்வளவுதான். இதைப் பார்த்துக் காரை வேண்டாம் என்று திரும்பியவர்கள் உண்டு. புகை நிற்காமல் மேகம் போல வந்துகொண்டே இருந்தால், சந்தேகப்பட வேண்டிய முதல் ஆசாமி சிலிண்டர் அல்ல, ஆயில் பிரிப்பான். என்ஜின் அடிவயிற்றில் எழும் ஆவியிலிருந்து ஆயிலைப் பிரித்துத் திருப்பி அனுப்பும் பிளாஸ்டிக் பாகம் இது. உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்தால் ஆயில் நேராகக் காற்றுக் குழாய்க்குள் உறிஞ்சப்படும். என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கலாம். உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல மூடி வர மறுத்தால் குற்றவாளி கிட்டத்தட்ட அகப்பட்டான். மானோமீட்டர் வைத்து உறிஞ்சலை அளந்தால் சந்தேகம் தீரும். ஒரு என்ஜினைப் பிரிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இந்தப் பாகத்தை மாற்றுவது சில்லறைச் செலவு.

அடுத்தது சத்தம். குளிரில் கிளப்பியதும் டக் டக் என்று தட்டி, ஆயில் ஏறியதும் அடங்கினால் பெரும்பாலும் ஹைட்ராலிக் டாப்பெட். கீறல் விழுந்த சிலிண்டரின் குணம் இதற்கு நேர் எதிர். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங்கில்தான் அது பேசத் தொடங்கும். ஸ்கர்ட் தேய்ந்த பிஸ்டன் சுவரில் அறையும் சத்தம் அது. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையைக் காதருகிலும் வைத்துக் கேட்கும் பழைய உத்தி இதற்கும் பொருந்தும். சத்தம் எந்த வரிசையிலிருந்து வருகிறது என்றாவது அதில் தெரியும். இத்துடன் ஒரு சைலென்ஸர் குழாய் மட்டும் மற்றதைவிடக் கரி அப்பியிருந்து, ஆயில் குறைவதும் மாதா மாதம் கூடினால் சந்தேகம் வலுக்கிறது. ஆனாலும் சந்தேகம்தான். டாப்பெட்டை மாற்றிவிட்டுச் சத்தம் போகவில்லையே என்று விழிப்பவர்கள் சந்தேகத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டவர்கள்.

பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். பழைய கார் வாங்கும் எவரும் கேட்கும் முதல் சோதனை, இந்த நோயைப் பொறுத்தவரை மிகவும் ஏமாற்றும் சோதனை. கீறல் சிலிண்டரின் கீழ்ப் பகுதியில், ஸ்கர்ட் உரசும் இடத்தில் ஆரம்பிக்கிறது. அழுத்தத்தைத் தாங்கும் ரிங்குகள், அழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது மேலே, சேதமில்லாத சுவரில் நிற்கின்றன. போதாததற்கு, கீறலில் புகுந்த ஆயிலே இடைவெளியை அடைத்துக்கொள்கிறது. ஆறு சிலிண்டரும் அழகான எண்களைக் காட்டும். லீக் டவுன் டெஸ்ட்டின் கதியும் ஏறக்குறைய இதேதான். பிஸ்டனை உச்சியில் நிறுத்திக் காற்றை அடைத்துக் கசிவை அளப்பதால், கீழே நடப்பது அதற்கும் தெரியாது. இந்தச் சோதனைகள் தோற்ற என்ஜின் கெட்டது என்பது நிச்சயம். தேறிய என்ஜின் நல்லது என்பதற்கு அவை சாட்சியல்ல.

மிச்சமிருப்பது கண்ணால் பார்ப்பது. போர்ஸ்கோப் என்ற மெல்லிய கேமராவை ஸ்பார்க் பிளக் துளை வழியாக விடுவார்கள். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பிஸ்டனை எவ்வளவு கீழே இறக்கினாலும் அது நிற்கும் இடத்துச் சுவரை அதுவே மறைத்துக்கொண்டு நிற்கும். எனவே ஆரம்பக் கட்டக் கீறலைப் பிடிக்க வேண்டுமானால் கீழிருந்து பார்க்க வேண்டும். ஆயிலை வடித்து, சம்ப் தட்டைக் கழற்றி, பிஸ்டனை மேலே ஏற்றிவிட்டு, கேமராவை அடிப்பக்கமாக ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் நுழைக்க வேண்டும். மெல்லிய பளபளப்புக் கோடுகளைக் கண்டு பதற வேண்டாம், ஓடிய என்ஜினில் அவை சகஜம். கருத்து, அகலமாக, சுவரின் சதையே பிய்ந்தது போலத் தெரிந்தால் அதுதான் கீறல். பொறுமை கேட்கும் வேலை. அதனாலேயே பெரும்பாலான விற்பனைக்கு முந்தைய பரிசோதனைகளில் இது விட்டுப்போகிறது.

சம்ப் கழன்ற கையோடு இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடலாம். ஒன்று, பழைய ஆயில் ஃபில்டர். அதை அறுத்து, காகித மடிப்புகளை வெயிலில் விரித்தால் என்ஜினின் உள் விவகாரம் தெரியும். காந்தத்தில் ஒட்டும் துகள் எஃகு. பேரிங் ஒன்று உதிர்வதாக அர்த்தம் கொள்ளலாம். ஒட்டாத ஜிகினா அலுமினியம். பழுப்பு நிற பிளாஸ்டிக் துணுக்குகள் டைமிங் செயினைத் தாங்கும் பட்டைகளிலிருந்து வந்தவை. இரண்டாவது, வடித்த ஆயிலில் ஒரு சிறு புட்டி. பரிசோதனைக் கூடம் அதிலுள்ள உலோகங்களைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று கணக்கிட்டுத் தரும். அலுமினியம், சிலிக்கான், இரும்பு மூன்றும் சேர்ந்து ஏறினால் சுவரும் பிஸ்டன் பூச்சும் கரைகின்றன என்று பொருள். சிலிக்கான் மட்டும் ஏறியிருந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பார்ப்பதே புத்திசாலித்தனம், புழுதியே சிலிக்கான்தான். ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால் அதையும் அறிக்கை சொல்லிவிடும். ஒரே ஒரு அறிக்கையை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் எடுத்து வரிசையாக அடுக்கினால்தான் எண்களுக்கு மதிப்பு.

ஆயில் பிரஷர் மீட்டரைப் பார்த்து நிம்மதி அடைவதும் பரவலான வழக்கம். அந்த முள் காட்டுவது பம்ப் தள்ளும் அழுத்தத்தை. பேரிங்குகளின் நலத்துக்கு அது நல்ல சாட்சி. சிலிண்டரின் மேல் சுவரில் ஆயில் படலம் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. 997 மாடலில் ஆயில் அளவு பார்க்கும் குச்சியையே எடுத்துவிட்டார்கள். எல்லாம் மின்னணு அளவீடுதான். காரைச் சமதரையில் நிறுத்திப் பொறுமையாகப் பார்க்காவிட்டால் அது சொல்வதையும் நம்ப முடியாது. பந்தயப் பாதைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கவலை. இந்த என்ஜினில் 'ஒருங்கிணைந்த டிரை சம்ப்' இருப்பதாகக் கம்பெனி சொன்னது. நடைமுறையில் ஆயில் முழுவதும் என்ஜினின் அடியில்தான் இருக்கிறது, தனித் தொட்டி கிடையாது. நீண்ட வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றைக் குடிக்கும். அதே காலத்து ஜிடி3, டர்போ மாடல்களுக்கு, ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் அறியப்படும் வேறு என்ஜின். அதில் தனித் தொட்டி உண்டு. சிலிண்டரில் லோகாசிலுக்குப் பதிலாக நிகாசில் பூச்சு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே 911தான்.

இதில் வேடிக்கை, பழைய 911 வாங்குபவர்கள் பெரும்பாலும் கேட்கும் ஒரே கேள்வி இடைத்தண்டு பேரிங் மாற்றியாகிவிட்டதா என்பதுதான். அந்த பேரிங் உடைந்து என்ஜினையே நாசமாக்கிய விவகாரம் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போய், 2001 முதல் 2005 வரையிலான கார்களுக்காக 2013ல் சமரசத்தில் முடிந்தது. வழக்கு நடந்ததால் அந்தக் கோளாறு புகழ் பெற்றது. சிலிண்டர் கீறலுக்கு அந்த விளம்பரம் கிடைக்கவில்லை. புது பேரிங் போட்ட ரசீதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டு, கீறல் விழுந்த என்ஜினை ஓட்டிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

கீறல் விழுந்த பிறகு கெட்டியான ஆயில், அதிசய மருந்துப் புட்டி எதுவும் சுவரை மீட்காது. சத்தத்தைக் கொஞ்ச நாள் அடக்கும், விற்கிறவருக்கு உதவும். விழுவதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. கையேட்டின் நீண்ட இடைவெளியை நம்பாமல் 8,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள் நிபுணர்கள். சூடேறும் வரை என்ஜினை விரட்டக் கூடாது. குளிரில் கிளப்பி, நகராமல் நின்ற இடத்திலேயே உறுமவிடவும் கூடாது. தொடக்கத்தில் 83 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் 71 டிகிரியில் திறப்பதைப் பொருத்துவோரும் உண்டு.

விழுந்துவிட்டால் பிளாக்கைக் கடைந்து ஸ்லீவ் இறக்குவதுதான் வழி. இங்கிலாந்தின் போல்டன் நகரில் ஹார்ட்டெக், அமெரிக்காவின் இல்லினாயில் எல்.என். இன்ஜினியரிங் போன்ற நிறுவனங்கள் இதையே தொழிலாக வளர்த்தெடுத்தன. நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூசிய புது சிலிண்டர், அதற்கேற்ற பிஸ்டன். செலவு பழைய காரின் விலையில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். பழுதான ஒன்றை மட்டும் சரிசெய்தால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மற்ற ஐந்தும் அதே சுவர், அதே பூச்சு, அதே கிலோமீட்டர். என்ஜினை இறக்கிப் பிரிக்கும் கூலி இரண்டு தடவை. போர்ஷேயும் 2008ல் புது என்ஜினுக்கு மாறியபோது லோகாசிலைத் தொடரவில்லை. பிளாக் முழுவதையும் சிலிக்கான் நிறைந்த அலுமினியத்தில் வார்த்தது, 1977ல் 928க்குச் செய்ததைப் போல.