பிள்ளையை உறங்க வைத்துப் பரிசோதிக்கும்போது



சில மாதங்களுக்கு முன் ஒரு வைத்தியசாலையின் சிறுவர் விடுதியில் இரண்டு வயதுப் பிள்ளையின் தாயைச் சந்தித்தேன். காலை ஒன்பது மணிக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான். "மிஸ், பிள்ளை பசியில கத்தினான். பொறுக்கேலாமல் அஞ்சு மணிக்குப் பால் கரைச்சுக் குடுத்திட்டன். நேர்ஸிட்டச் சொல்லேல்லை" என்றார் மெல்ல. இருவருமாகப் போய்ச் சொன்னோம். ஸ்கான் வேறு நாளுக்குப் போடப்பட்டது. கணவரின் ஒரு நாட்கூலி போனது. ஆனால் பிள்ளைக்கு வரவிருந்த ஆபத்தும் போனது.

ஸ்கான், எக்கோ போன்ற பரிசோதனைகளில் வலி இல்லை. அசையாமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகளால் அது முடியாததால் உறங்க மருந்து கொடுக்கிறார்கள். அப்போது வயிற்றில் பால் இருந்தால், வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம். பொதுவாகத் தாய்ப்பாலுக்கு 4 மணித்தியாலமும், பால்மாவுக்கும் உணவுக்கும் 6 மணித்தியாலமும் இடைவெளி வேண்டும்.

"எந்த மருந்து நல்லது?" என்று பல தாய்மார் கேட்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் ஒரே மருந்து இல்லை. குளோரல் ஹைட்ரேட் 1869 முதல் பாவனையில் உள்ள பழைய மருந்து. கசப்பானது, வாந்தி வரலாம், அசதி நீண்ட நேரம் நிற்கலாம். மிடசோலம் விரைவில் தெளியும். ஆனால் சில பிள்ளைகள் அமைதியாகாமல் கூடுதலாகக் குழப்படி செய்யும், ஈ.ஈ.ஜி. பதிவையும் அது மாற்றும். டெக்ஸ்மெடெடோமிடினை மூக்கில் விடலாம்; மூச்சை அதிகம் பாதிக்காது, இதயத் துடிப்பை மெதுவாக்கும். சில மாதக் குழந்தையைப் பாலூட்டிச் சுற்றிப் படுக்கவைத்தே, மருந்தில்லாமல் ஸ்கான் எடுக்க முடிவதும் உண்டு.

தெரிவு வைத்தியருடையது. ஆனால் அது நீங்கள் சொல்லும் விபரத்தில் தங்கியுள்ளது. பிள்ளையின் நிறை, குறட்டை, தடிமன், இதய நோய், குடிக்கும் மருந்துகள், முன்பு ஏதும் மருந்து ஒத்துக்கொள்ளாமை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

நித்திரை வரட்டும் என்று தடிமன் பாணியை வீட்டில் கொடுத்துவிட்டு வராதீர்கள். இரண்டு மருந்தும் சேர்ந்தால் மூச்சு தளரலாம். நன்றாக விழித்த பின்பே வீட்டுக்குக் கூட்டிச் செல்லுங்கள். ஓட்டோவில் தலை முன்னே தொங்கினாலும் மூச்சு அடைபடும். நாடியை நிமிர்த்திப் பிடியுங்கள்.

அந்தத் தாயை யாரும் ஏசவில்லை. "சொன்னது நல்லது அம்மா" என்றார் தாதி. பிறகொரு நாள் ஸ்கான் நல்லபடியாக முடிந்தது. பிழை விட்டாலும் மறைக்காதீர்கள், சகோதரிகளே.