வீட்டு ஓனருக்கு ‘லவ் லெட்டர்’... அமெரிக்காவில் என்ன சிக்கல்?

அமெரிக்காவில் ஒரே வீட்டுக்குப் பலர் போட்டி போடும்போது, “எங்க பசங்க இந்தத் தோட்டத்துல விளையாடணும்” என உருக்கமாகக் கடிதம் எழுதி, குடும்பப் படத்தோடு ஓனருக்கு அனுப்புவதுண்டு. இதற்குப் பெயரே ‘லவ் லெட்டர்’தான்!

இதில் என்ன தப்பு?

வாங்குபவரின் இனம், மதம், குடும்ப நிலை எல்லாம் அதில் தெரிந்துவிடும். அதைப் பார்த்து ஆளைத் தேர்வு செய்தால், பாகுபாட்டைத் தடுக்கும் 1968-ம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் பாயலாம்.

தடை என்னாச்சு?

இத்தகைய கடிதங்களை ஓனரின் ஏஜென்டே நிராகரிக்க வேண்டும் என்ற ஓரிகன் மாகாணச் சட்டம் 2022 ஜனவரியில் அமலானது. நோக்கம் சரி என்றாலும் பேச்சுரிமையை அளவுக்கு மீறிப் பறிக்கிறது எனக்கூறி, மார்ச்சிலேயே ஃபெடரல் நீதிமன்றம் நிறுத்திவைத்தது.

ஆனால், வீடு கிடைக்காதவர் தோற்றது விலையிலா, நிறத்திலா? அது அவருக்குத் தெரியவே போவதில்லை.