தீர்ப்பு மட்டும் சோறு போடாது!

"கோர்ட்டு இருக்கிறது, குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் இருக்கிறது. இனிச் சங்கம் எதற்கு? சந்தா எதற்கு?" ஜாசின் முதல் அலோர் காஜா வரை மலாக்காத் தோட்டங்களிலே இந்தப் பேச்சு உலவுகிறது. பேசுவோர்க்கு ஒரு நீதிபதியின் வரலாற்றையே பதிலாக வைக்கிறோம்.

சர் சீனிவாச வரதாச்சாரியார் 1881ல் பிறந்தவர். 1905ல் வக்கீலானார். 1934ல் சென்னை ஹைகோர்ட்டு நீதிபதி. 1939ல் டில்லியிலிருந்த பெடரல் கோர்ட்டு நீதிபதி. 1943ல் சில வாரங்கள் அதன் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் அமர்ந்தார்.

அப்போது வந்தது ஒரு வழக்கு. போரைக் காரணம் காட்டி வெள்ளையர் அரசு 1942ல் அவசரச் சட்டம் போட்டுத் தனிக் கோர்ட்டுகளை வைத்திருந்தது. அங்கே தண்டனை பெற்றவர்க்கு வழக்கமான அப்பீல் உரிமை கிடையாது. அந்தக் கோர்ட்டுகள் செல்லாது என்று 1943 ஜூன் 4ந் தேதி வரதாச்சாரியாரும் இன்னொரு நீதிபதியும் தீர்ப்பளித்தனர், மூன்றாமவர் மாறுபட்டார். அரசு அமர்த்திய நாற்காலியிலிருந்தே அரசின் தவறைச் சொன்ன அந்த நெஞ்சுரத்துக்குத் தலைவணங்குகிறோம்.

ஆனால் நடந்ததென்ன? மறுநாளே இன்னோர் அவசரச் சட்டம்! தனிக் கோர்ட்டுகளை மூடினார்கள். அப்பீலுக்கு வழி விட்டார்கள். அவை விதித்த தண்டனைகளையோ செல்லுபடியாக்கிவிட்டார்கள். 1944ல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பையே தள்ளிவிட்டது.

1946ல் இந்தியாவெங்கும் வேலைநிறுத்தம் பொங்கியது. அவ்வாண்டில்தான் மத்திய அரசு ஊழியருக்கு முதல் சம்பளக் கமிஷன் அமைந்தது. தலைவர் இதே வரதாச்சாரியார். வாழ்வூதியமே அளவுகோல் என்றது 1947ல் வந்த அறிக்கை. கடைநிலை ஊழியருக்குப் பஞ்சப்படி சேர்த்து மாதம் 55 ரூபாய். உச்சியில் 2,000 ரூபாய். 36 மடங்கு வித்தியாசம்! ஆனாலும், வயிற்றை அளந்து சம்பளம் போட வேண்டும் என்ற பேச்சு அரசாங்கக் காகிதத்தில் ஏறியது. ஏற்றியது நீதிபதியின் பேனா மட்டுமா? பேனாவுக்குப் பின்னே திரண்டு நின்ற தொழிலாளர் அல்லரோ!

நம் கதை வேறா? மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையேல் கூலி இல்லை. ரப்பர் விலை விழுந்தால் கூலியும் விழும். நம் பெற்றோர் கண்ட வாழ்வு அது. 2013ல் தீபகற்பத்துக்கு 900 வெள்ளி, 2025ல் 1,700 வெள்ளி என்று குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. அந்த எண் நம் சம்பளச் சீட்டிலே சரியாக ஏறியதா என்று பார்ப்பவர் யார்? நீதிபதியா பிரட்டுக் களத்துக்கு வருவார்? செக்ரோல் எழுதும் கிராணியும் பால் வாளி சுமக்கும் தொழிலாளியும் ஒன்றாய் நின்று கணக்குக் கேட்டால்தான் ஏறும்.

நல்ல நீதிபதியை மதிப்போம். நம் காவலை அவரிடம் ஒப்படைத்துவிட்டுத் தூங்கமாட்டோம். தோழர்களே, சந்தாவைக் கட்டுங்கள். அடுத்த கூட்டத்துக்குச் சம்பளச் சீட்டோடு வாருங்கள். வரிவரியாய்ச் சேர்ந்து பார்ப்போம்!