சுடரின் முன் எங்களுக்கும் ஓர் இடம்

ஆய்வுக்கூடத்தில் நாம் அன்றாடம் கையாளும் முகவையும் குடுவையும் எவ்வாறு உருவாகின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா? "கவனமாகப் பிடி, உடைத்தால் அபராதம்" என்பதோடு நம் கண்ணாடிப் பாடம் முடிந்துவிடுகிறது. கண்ணாடியைச் சுடரில் இளக்கி உருவம் கொடுக்கும் கலையை மாணவியரும் கற்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

நல்ல ஆய்வுக்கலங்கள் போரோசிலிகேட் கண்ணாடியால் ஆனவை. ஜெர்மனி நாட்டின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் என்னும் அறிஞர் 1880-களில் இதனை உருவாக்கினார். இதில் ஏறத்தாழ 80 விழுக்காடு சிலிக்காவும் 13 விழுக்காடு போரான் ஆக்சைடும் உண்டு. சூட்டினால் இது விரிவது, ஜன்னல் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்கே. ஆகவே எளிதில் விரிசல் விடுவதில்லை. 1913-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெஸ்ஸி லிட்டில்டன் என்ற அம்மையார், கணவர் வேலை செய்த கார்னிங் நிறுவனத்திலிருந்து கொண்டுவந்த, இவ்வகைக் கண்ணாடிச் சாடியின் அறுத்த அடிப்பாகத்தில் கேக் சுட்டுப் பார்த்தார். 1915-இல் பைரெக்ஸ் பாத்திரங்கள் கடைக்கு வந்தன. ஒரு பெண்ணின் அடுப்படிச் சோதனை ஒரு தொழிலுக்கே வழிகாட்டியது!

இக்கலையில் முதற்பாடம் குடுவை ஊதுவதன்று, கோலைச் சுழற்றுவதே. பென்சில் பருமனுள்ள கண்ணாடிக் கோலை இரு கைகளாலும் பிடித்து, சுடரில் மெல்லக் காட்டி, நிறுத்தாமல் சுழற்ற வேண்டும். இரு கைகளும் ஒரே வேகத்தில் சுழலாவிட்டால் இளகிய பகுதி முறுக்கிக்கொள்ளும். இளகியதைச் சுடருக்கு வெளியே எடுத்து இழுத்தால் நூலாக நீளும். சுடரிலேயே நுனியைச் சுழற்றினால் உருண்டையாகத் திரளும். இவ்விரண்டும் கைவந்த பின்பே குழாயைத் தொடலாம். செய்த பொருளைச் சூளையில் ஏறத்தாழ 560 டிகிரி செல்சியசில் வைத்து, மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால், உள்ளே தங்கிய இறுக்கம் பின்னொரு நாள் அதை உடைத்துவிடும். பொறுமையை இதைவிட நன்றாகக் கற்பிக்கும் பாடம் ஏது?

"பெண் பிள்ளைகளுக்கு நெருப்போடு என்ன வேலை?" என்று பெற்றோர் கேட்கலாம். அச்சம் நியாயமே. இக்கண்ணாடி இளகவே ஏறத்தாழ 820 டிகிரி வேண்டும். அதற்கு எரிவாயுவுடன் ஆக்சிஜன் சேர்ந்த சுடர் தேவை. பயிற்சி பெற்ற ஆசிரியர், காற்றோட்டமான அறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பருத்தி உடை, அள்ளி முடிந்த கூந்தல் ஆகியவை இன்றித் தொடங்கலாகாது. சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

ஆனால், அன்புப் பெற்றோரே, சிறு வயதிலேயே எங்களை அடுப்பின் முன் நிறுத்தியவர்கள் நீங்கள் அல்லவா? கொதிக்கும் எண்ணெயில் அப்பளம் பொரிக்க எங்களை நம்பிய நீங்கள், இந்தச் சுடரை மட்டும் ஆண்களுக்கென ஒதுக்குவது முறையா? சமையலுக்குத் துணியும் கை, அறிவியலுக்கும் துணியட்டுமே!

உடனே பெரிய கூடம் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. எளிதில் இளகும் சோடாக் கண்ணாடிக் குழாயை, ஆசிரியை அருகிருக்க, பன்சன் விளக்கில் வளைக்கக் கற்றுத்தாருங்கள். பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் கண்ணாடி ஊதுவதற்கெனவே தனிப்பிரிவுகள் உண்டு. அத்தகைய ஓரிடத்திற்கு எங்களை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். கைகளைத் தந்த இறைவன், அவற்றைக் கட்டிவைக்கவா தந்தார்? மதிப்புக்குரிய அருட்சகோதரியர் இவ்வேண்டுகோளுக்குச் செவிசாய்ப்பார்களாக!